பாஞ்சாலங்குறிச்சிக்கு மேல 350 கிலோமீட்டர்

இந்த வாரம் கட்டபொம்மன்ல இருந்து ஆரம்பிக்கலாம். வசனம் எல்லாம் பேச மாட்டேன், பயப்படாதீங்க.

திருநெல்வேலி மாவட்டத்துல விஜயநாராயணம்னு ஒரு ஊர் இருக்கு. அங்க இந்தியக் கடற்படையோட ஒரு வானொலி நிலையம். அதோட பேரு ஐஎன்எஸ் கட்டபொம்மன். 1990ல செயல்பாட்டுக்கு வந்தது. கடலுக்கு அடியில போற நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புறதுதான் வேலை. அதுக்கு அவங்க பயன்படுத்துற அலைவரிசை 18.2 கிலோஹெர்ட்ஸ். நாம கேக்குற எஃப்எம் ரேடியோவை விட 5,000 மடங்குக்கும் மேல குறைஞ்ச அலைவரிசை. ஒரே ஒரு அலையோட நீளம் மட்டும் 16 கிலோமீட்டருக்கு மேல. இவ்வளவு நீளமான அலை பூமிக்கும் வானத்துக்கும் நடுவுல, ஒரு குழாய்க்குள்ள ஓடுற மாதிரி, முட்டி முட்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். கீழ்ச்சுவர் கடல். மேல்கூரை எது? அதுதான் அயனி மண்டலம். அயனோஸ்பியர்.

பாஞ்சாலங்குறிச்சிக்காரர் பேர்ல இருக்குற அந்த நிலையத்துக்கு அயனி மண்டலம் நண்பன். அதே அயனி மண்டலம், அதே பாஞ்சாலங்குறிச்சியில நின்னு ஜிபிஎஸ் பாக்குற ஒருத்தருக்குத் தலைவலி. இந்த எபிசோட் அந்தத் தலைவலி பத்தி.

இதைப் பேச காரணம் ஒரு வாய்ஸ் நோட். அனுப்பினவர் ஓட்டப்பிடாரம் பக்கம் நிலம் அளக்குற வேலை பாக்குறார். உப்பளம், காற்றாலை இடம், சோலார் இடம், எல்லாம் அளக்குறவர். அவரோட தாய்மாமா தருவைகுளத்துல இருந்து கடலுக்குப் போறவர். தம்பி கேட்ட கேள்வியை அப்படியே சொல்றேன்: "அண்ணே, மார்ச் மாசம் ஆனா சாயங்காலம் என் மெஷின் ஃபிக்ஸ் ஆகவே மாட்டேங்குது. மாமா போட்ல இருக்குற ஜிபிஎஸ்ஸும் ராத்திரி எட்டு, ஒம்பது மணிக்குச் சாட்டிலைட் இல்லன்னு கத்துதாம். கடையில ஆன்டெனாவை மாத்தச் சொல்றாங்க. ரெண்டு பேர் மெஷினும் ஒரே சமயத்துல கெட்டுப்போகுமா?"

நல்ல கேள்வி. டிபக்கிங் தெரிஞ்சவன் கேக்குற கேள்வி. ரெண்டு வேற வேற மெஷின், வேற வேற இடம், ஒரே நேரத்துல அடி வாங்குதுன்னா, தப்பு மெஷின்ல இருக்க வாய்ப்பு கம்மி. ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு தேடணும். பொதுவா இருக்குறது மேல இருக்குற வானம்தான்.

முதல்ல, இடம் கண்டுபிடிக்கிறதுன்னா என்ன? மன்னார் வளைகுடாவுல முத்துப் பார்கள் இருக்கு. தொலையிரம் பார் மாதிரி பேர் வெச்ச பார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961ல நடந்தது. அதுக்கப்புறம் சிப்பி போதுமான அளவு சேரவே இல்ல. ஆனா சங்கு குளிக்கிறவங்க இன்னிக்கும் இருக்காங்க. நடுக்கடல்ல, தண்ணிக்கு அடியில இருக்குற ஒரு பாரை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? கரையில இருக்குற ரெண்டு அடையாளத்தை ஒரே நேர்ல வர்ற மாதிரி பாத்துக்குவாங்க. கோயில் கோபுரம், அதுக்குப் பின்னால ஒரு பனை. இன்னொரு பக்கம் மாதா கோயில், அதுக்குப் பின்னால ஒரு மேடு. ரெண்டு நேர்கோடு வெட்டிக்கிற இடம் நம்ம இடம். மேல பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம். கரை கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

ஜிபிஎஸ் திசையைப் பாக்காது, தூரத்தைப் பாக்கும். தூரத்தைக் கூட நேரா அளக்காது, நேரத்தை அளக்கும். 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருக்குற சாட்டிலைட், "இப்ப மணி இவ்வளவு"ன்னு கத்திக்கிட்டே இருக்கு. அந்தச் சத்தம் நமக்கு வந்து சேர ஒரு நொடியில 15ல ஒரு பங்கு ஆகும். எவ்வளவு லேட்டா வந்துச்சோ, அதை ஒளியோட வேகத்தால பெருக்கினா தூரம். நாலு சாட்டிலைட் இருந்தா நீளம், அகலம், உயரம், அப்புறம் நம்ம ரிசீவரோட மட்டமான கடிகாரத்தோட பிழை, இந்த நாலையும் கண்டுபிடிச்சிடலாம். நாலு சமன்பாடு, நாலு தெரியாத எண்.

இதுல ஒளி ஒரு நானோ நொடியில 30 சென்டிமீட்டர் போகும். அப்போ 50 நானோ நொடி தப்பு நடந்தா 15 மீட்டர் தப்பு. இந்தக் கணக்கை மனசுல வெச்சுக்கோங்க.

சூரியனோட புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல் வளிமண்டலத்துல இருக்குற அணுக்கள்ல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிடும். சுமாரா 80 கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு 1,000 கிலோமீட்டர் வரைக்கும் இப்படிப் பிடுங்கப்பட்ட எலக்ட்ரான்கள் மிதந்துகிட்டு இருக்கும். ரொம்ப அடர்த்தி 300, 400 கிலோமீட்டர்ல. கீழ வர்ற ரேடியோ சிக்னல் இந்த எலக்ட்ரான் கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு வரணும். பங்குனி உத்திரத்து அன்னிக்கு பஸ் ஸ்டாண்டைத் தாண்டுற மாதிரி. ஆள் கம்மின்னா சீக்கிரம் வந்துடலாம், கூட்டம்னா லேட் ஆகும்.

எவ்வளவு லேட்? சிக்னல் வர்ற பாதையில ஒரு சதுர மீட்டர் குழாய் ஒண்ணு வெச்சு, அதுக்குள்ள இருக்குற எலக்ட்ரானை எல்லாம் எண்ணினா கிடைக்கிற எண்ணுக்கு டிஇசின்னு பேரு. 1-க்குப் பின்னால 16 சைபர் போட்டா, அத்தனை எலக்ட்ரான் ஒரு டிஇசி அலகு. சாதாரண ஜிபிஎஸ் சிக்னலான எல்1, அதாவது 1575.42 மெகாஹெர்ட்ஸ்ல, ஒரு அலகுக்கு 16 சென்டிமீட்டர் தப்பு. சூரியன் உக்கிரமா இருக்குற வருஷங்கள்ல நம்ம நாட்டு வானத்துல மத்தியானம் 100 அலகு வரைக்கும் போறது அதிசயம் கிடையாது. 16 மீட்டர். அதுவும் சாட்டிலைட் நேரா தலைக்கு மேல இருந்தா. அடிவானத்துக்குப் பக்கத்துல இருந்தா சிக்னல் சாய்வா வருது, பாதை நீளம், தப்பு அதுல இருந்து மூணு மடங்கு வரைக்கும் ஆகலாம்.

இங்க ஒரு சின்ன ஆறுதல். எல்லாச் சாட்டிலைட்டுக்கும் ஒரே அளவு தாமதம்னா, ரிசீவர் அதைத் தன்னோட கடிகாரத்தோட தப்புன்னு நினைச்சு ஒதுக்கிடும். சாட்டிலைட்டுக்குச் சாட்டிலைட் தாமதம் மாறுறதுதான் நம்மளை நகத்தும். அதனால 16 மீட்டர் தாமதம்னா 16 மீட்டர் தள்ளி நிக்கிறோம்னு அர்த்தம் ஆகாது. பக்கவாட்டுல கொஞ்சம் தப்பும், உயரத்துல நிறைய தப்பும்.

ஜிபிஎஸ்ஸை வடிவமைச்சவங்களுக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். 1970கள்ல அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடத்துல இருந்த ஜான் க்ளோபுச்சர் ஒரு மாதிரி எழுதினார். அந்தக் காலத்து ரிசீவர்ல கணிக்கிற சக்தி கம்மி, சிக்னல்ல இடமும் கம்மி. அதனால உலகம் முழுக்க இருக்குற அயனி மண்டலத்தை வெறும் எட்டு எண்ணுல அடக்கிட்டார். ராத்திரி தாமதம் எப்பவும் 5 நானோ நொடி. பகல்ல ஒரு கொசைன் வளைவு. உச்சம் உள்ளூர் நேரம் மத்தியானம் 2 மணி. கோட்ல சொல்லணும்னா, ராத்திரிக்கு ஒரு ஹார்ட்கோட் பண்ணின எண். சிரிக்கத் தோணும். ஆனா இதை வெச்சே தப்புல பாதியைக் குறைச்சிடலாம்னு அவர் காட்டினார். உங்க கையில இருக்குற போன் இன்னிக்கும் அந்த எட்டு எண்ணை வாங்கிக்கிட்டுதான் இருக்கு. எட்டு பாராமீட்டர்ல 50 வருஷமா ஓடுற புரொடக்ஷன் கோட். நான் எழுதினது எதுவும் மூணு வருஷம் தாண்டல.

பிரச்சினை என்னன்னா, ராத்திரி அமைதியா இருக்கும்னு அந்த மாதிரி நம்புது. தூத்துக்குடி வானத்துக்கு அந்த நம்பிக்கை பத்தித் தெரியாது.

இப்ப ஏன் நம்ம ஊர்னு பாப்போம். பூமத்திய ரேகை இலங்கைக்கும் தெற்க, மாலத்தீவைக் குறுக்கால வெட்டிக்கிட்டுப் போகுது. ஆனா காந்தப் பூமத்திய ரேகைன்னு ஒண்ணு தனியா இருக்கு. காந்த ஊசியைத் தராசு முள் மாதிரி மேலயும் கீழயும் ஆட விட்டா, வட துருவம் பக்கம் அது தரையைக் குத்தும். காந்தப் பூமத்திய ரேகையில மட்டும் தட்டையா, தரைக்கு இணையா படுத்துக்கும். அந்த ரேகை தமிழ்நாட்டோட தென்கோடிக்குப் பக்கத்துல போகுது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில நின்னு பாத்தா ஊசி கிட்டத்தட்ட படுத்துத்தான் இருக்கும்.

இந்த ஒரு காரணத்துக்காகத்தான் விக்ரம் சாராபாய் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார். 1963 நவம்பர் 21ல அங்கிருந்து முதல் ராக்கெட் போனது இந்த வானத்தை ஆராயத்தான். சந்திரன், செவ்வாய் எல்லாம் ரொம்பப் பின்னால வந்த கதை. நம்ம பக்கத்துலயே, திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூர் போற வழியில கிருஷ்ணாபுரம். சிற்பத்துக்காக அந்தக் கோயிலுக்குப் போயிருப்பீங்க. அங்க இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வுக்கூடம் ஒண்ணு இருக்கு. வேலையே காந்தப் பூமத்திய ரேகைக்கு மேல இருக்குற வானத்தைக் கவனிக்கிறது. அந்த நிறுவனத்தோட வம்சாவளி பம்பாய் கொலாபா ஆய்வகத்துக்குப் போகும். 1859 செப்டம்பர்ல வந்த கேரிங்டன் சூரியப் புயல் அன்னிக்கு பூமியோட காந்தப்புலம் எப்படி விழுந்துச்சுன்னு கொலாபாவுல எடுத்த பதிவைத்தான் இன்னிக்கும் உலகம் முழுக்க எடுத்துப் பாக்குறாங்க. பம்பாய்ல மின்சார டிராம் வந்ததும் அளவு கெட்டுப்போகும்னு 1904ல அலிபாக்குக்கு இடம் மாறினாங்க. வளர்ச்சி வந்தா விஞ்ஞானி வீடு மாறணும்ங்கிறது பழைய கதைதான்.

காந்தக் கோடு தரைக்கு இணையா படுத்திருந்தா என்ன ஆகும்? பகல்ல சுமாரா 105 கிலோமீட்டர் உயரத்துல, அந்த ரேகையை ஒட்டி ஒரு குறுகலான பட்டையில, கிழக்கு நோக்கி பலமான மின்னோட்டம் ஓடும். கிழக்கு நோக்கிய மின்புலமும், வடக்கு நோக்கிப் படுத்திருக்குற காந்தப்புலமும் சேந்தா, மேல இருக்குற எலக்ட்ரான்கள் நேரா மேல தள்ளப்படும். பன்னிரண்டாம் வகுப்பு வலதுகை விதிதான். நூத்துக்கணக்கான கிலோமீட்டர் மேல போனதும், புவியீர்ப்பு இழுக்க, காந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் சரிஞ்சு விழும். ஒரு நீரூற்று மாதிரி. வாய் நம்ம தலைக்கு மேல. தண்ணி கொட்டுறது வடக்க அகமதாபாத், போபால், கொல்கத்தா பக்கம், தெற்க இந்தியப் பெருங்கடல்ல. அதனால பகல் நேர டிஇசி நம்ம ஊரை விட அங்கதான் அதிகமா இருக்கும். ஆப்பிள்டன் 1946ல இந்த ரெண்டு மேட்டைப் பத்தி எழுதினார். அதே வருஷம் அதுக்கு விளக்கம் சொன்னவங்கள்ல கொல்கத்தாவோட எஸ்.கே. மித்ராவும் ஒருத்தர்.

பகல் சேதம் அவங்களுக்கு. அப்ப நமக்கு என்ன? நமக்கு சாயங்காலம்.

சூரியன் மறையுற சமயத்துல அந்த மின்புலம் அணையுறதுக்கு முன்னால ஒரு தடவை எகிறும், திரியில எண்ணெய் தீரும்போது விளக்கு எகிறுற மாதிரி. அயனி மண்டலம் மொத்தமா இன்னும் மேல தூக்கப்படும். அதே நேரம் கீழ இருக்குற அடுக்கு, வெயில் இல்லாததால, வேகமா கரைஞ்சு போயிடும். இப்ப மேல கனமான திரவம், கீழ லேசான திரவம். டம்ளர் நிறைய தண்ணி ஊத்தி, அட்டையை மூடிக் கவுத்துப் பிடிச்சிட்டு, அட்டையை உருவினா என்ன ஆகும்? தண்ணி சீரா இறங்காது. எங்கயோ ஒரு இடத்துல காத்து விரல் மாதிரி மேல நுழையும், தண்ணி பக்கத்துல கொட்டும். அயனி மண்டலத்துலயும் அதேதான். எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள் கீழ இருந்து மேல குமிழியா கிளம்பும். பிளாஸ்மா குமிழி. மேல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் போகும். வடக்கு தெற்கா காந்தக் கோட்டோட நீண்டு, மெதுவா கிழக்கு நோக்கி நகரும்.

குமிழியோட விளிம்பு சீரா இருக்காது. கிழிஞ்ச பஞ்சு மாதிரி. பெரிய துண்டுல இருந்து சில நூறு மீட்டர் துண்டு வரைக்கும் உடையும். அந்தச் சின்னத் துண்டுகள் ஜிபிஎஸ் சிக்னலைக் கண்டபடி வளைக்கும். கிணத்துத் தண்ணி அசையும்போது அடியில வெளிச்சம் கோடு கோடா நெளியும் பாத்திருக்கீங்களா? வெளிச்சக் கோட்டுல நின்னா சிக்னல் பிரமாதம், இருட்டுல நின்னா சிக்னல் காலி. நொடிக்கு நொடி மாறும். நட்சத்திரம் மினுக்குறதும் இதே வகை விஷயம். இதுக்கு சின்டிலேஷன்னு பேரு. ரிசீவர் சிக்னலைப் பிடிச்சுத் தொடர்ந்துகிட்டு இருக்கும்போது நடுவுல நடுவுல அது காணாமப் போனா, பிடி நழுவிடும். தாமதம்னா தப்பான விடை வரும். இது விடையே வராத நிலைமை.

ஏன் மார்ச்? பூமியோட காந்தக் கோட்டின் ஒரு முனை வடக்க, ஒரு முனை தெற்க. ரெண்டு முனையிலயும் ஒரே நேரத்துல சூரியன் மறைஞ்சாத்தான் அந்த எகிறல் பலமா இருக்கும். நம்ம பக்கம் காந்த வடக்கும் உண்மையான வடக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு. அதனால பகலும் இரவும் சமமா இருக்குற மார்ச், ஏப்ரல், அப்புறம் செப்டம்பர், அக்டோபர்தான் சீசன். பொழுது சாஞ்சு ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சு நடு ராத்திரி வரைக்கும். அதுவும் சூரியனோட 11 வருஷச் சுழற்சியில உச்சம் இருக்குற வருஷங்கள்ல. இப்ப ஓடுற 25வது சுழற்சி உச்சக் கட்டத்துல இருக்குன்னு நாசாவும் அமெரிக்க வானிலை அமைப்பும் அறிவிச்சது 2024 அக்டோபர்ல. நம்ம தம்பியோட வாய்ஸ் நோட்ல இருந்த மாசம், மணி, ரெண்டும் பாடப்புத்தகத்துல எழுதின மாதிரி பொருந்துது.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தணும். 2024 மே 10, 11ல பெரிய சூரியப் புயல் வந்துச்சு. 2003 அக்டோபருக்கு அப்புறம் முதல் ஜி5. லடாக்ல ஹான்லே வானம் சிவந்த போட்டோவை எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சாங்க. அமெரிக்காவுல ஜிபிஎஸ் வெச்சு விதைக்கிற டிராக்டர்கள் நடவு சீசன்ல நின்னுபோச்சு. அதைப் பாத்துட்டு, புயல் வந்தாத்தான் பிரச்சினைன்னு நினைச்சுடக் கூடாது. அவங்களுக்கு அது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற விருந்தாளி. காந்தப் பூமத்திய ரேகையில நமக்கு அது சீசனுக்குச் சீசன் வர்ற சொந்தக்காரன், புயல் எதுவும் வேண்டாம். சில சமயம் புயல் வந்தா நம்ம குமிழிகள் கிளம்பாமலே அடங்கிப் போறதும் உண்டு. எந்த நேரத்துல வருதுங்கிறதைப் பொறுத்தது.

தம்பி, உங்க மெஷினுக்கு வர்றேன். ஆர்டிகே அளவையில ஒரு பேஸ், ஒரு ரோவர். ரெண்டுக்கும் மேல ஒரே வானம், அதனால ஒரே தப்பு, கழிச்சுட்டா ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள விடை. இதுதான் மொத்தத் தந்திரமும். 19 சென்டிமீட்டர் அலையை எண்ணி எண்ணி அளக்குற வேலை. பேஸுக்கும் ரோவருக்கும் நடுவுல ஒரு குமிழியோட விளிம்பு வந்துட்டா ரெண்டும் வேற வேற வானத்தைப் பாக்குது. எண்ணிக்கை நடுவுல விட்டுப்போகும். ஃபிக்ஸ், ஃப்ளோட் ஆயிடும். ஆன்டெனாவை மாத்தினா ஒண்ணும் ஆகாது. பேஸை இன்னும் பக்கத்துல வைங்க. எல்லை ஓரக் கல் மாதிரி முக்கியமான புள்ளியைக் காலையில எடுங்க. மார்ச்ல பொழுது சாஞ்ச பிறகு எடுத்த புள்ளி எதையும் மறுநாள் காலையில ஒரு தடவை சரிபாக்காம பட்டாவுல ஏத்தாதீங்க. உப்பளத்துல ஒரு பாத்தி வரப்புக்கு எத்தனை வருஷம் கேஸ் நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

மாமா கதை வேற. அங்க சென்டிமீட்டர் யாருக்கும் வேண்டாம். அங்க இருக்குறது ஒரு கோடு.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவுல கடல் எல்லை ரெண்டு ஒப்பந்தத்துல போட்டது. பாக் நீரிணைக்கு 1974, மன்னார் வளைகுடாவுக்கு 1976. எல்லைன்னா என்ன? அட்சரேகை, தீர்க்கரேகை எழுதின புள்ளிகளோட ஒரு பட்டியல், அதை இணைக்கிற கோடுகள். ஒரு சிஎஸ்வி ஃபைல்ல அடங்கிடும். தண்ணியில வேலியும் கிடையாது, மிதவையும் கிடையாது. பிடிபட்ட மீனவர் "ஜிபிஎஸ் தப்பா காட்டுச்சு"ன்னு சொல்றதும், "சும்மா சாக்கு"ன்னு இன்னொரு பக்கம் சொல்றதும் நாம செய்தியில பாக்குறோம். எலக்ட்ரான் கணக்கை வெச்சு இதை ஒரு தடவை போட்டுப் பாப்போம்.

1976 ஒப்பந்தத்துல புள்ளிகளை ஒரு கலையோட பத்துல ஒரு பங்கு வரைக்கும் எழுதியிருக்காங்க. அட்சரேகையில அது சுமாரா 185 மீட்டர். அதாவது எல்லைக்கோடு எழுதப்பட்ட விதத்துலயே அதோட நுணுக்கம் அவ்வளவுதான். முதல் ஜிபிஎஸ் சாட்டிலைட் மேல போனதே 1978ல. அயனி மண்டலம் ரொம்ப மோசமான மத்தியானத்துல தள்ளினாலும், க்ளோபுச்சர் கணக்கைக் கழிச்ச பிறகு, அது பத்து இருபது மீட்டர் கணக்கு. பழைய எவரெஸ்ட் அடிப்படையில வரைஞ்ச வரைபடத்தையும் ஜிபிஎஸ்ஸையும் மாத்தாம ஒண்ணா வெச்சுப் பாத்தா நூறு மீட்டருக்கு மேல வித்தியாசம் வரும். அது இதை விடப் பெருசு. அதனால அஞ்சு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் உள்ள போன படகுக்கு அயனி மண்டலத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. இது என் கருத்து மட்டும் கிடையாது, பெருக்கல் கணக்கு.

ஆனா கதை அதோட முடியல. சின்டிலேஷன்ல தப்பு மீட்டர் கணக்குல வராது, பிடி நழுவுறதா வரும்னு சொன்னேன்ல. பழைய மலிவான ரிசீவர், ஒரே அலைவரிசை, ஒரே நாட்டுச் சாட்டிலைட் தொகுதி. குமிழி வானத்துல பாதியை மறைச்சா, நாலுக்குக் கீழ இறங்கிடும். திரையில கடைசியா தெரிஞ்ச புள்ளி அப்படியே உறைஞ்சு நிக்கலாம். படகு நிக்காது. எட்டு நாட் வேகத்துல போற படகு அஞ்சு நிமிஷத்துல 1.2 கிலோமீட்டர் தாண்டிடும். கோட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர் இந்தப் பக்கம், ராத்திரி ஒம்பது மணி, மார்ச் மாசம், அலாரம் கத்துது, திரை உறைஞ்சிருக்கு. அப்படி ஒரு அஞ்சு நிமிஷம் நடக்க முடியும்னு இயற்பியல் சொல்லுது. எந்தப் படகுக்கு நடந்துச்சு, எதுக்கு நடக்கலன்னு தேதியும் மணியும் இல்லாம சொல்ல முடியாது. தருவைகுளம் படகுகள் நாள் கணக்கா கடல்ல தங்கி வலை விடுறவங்க. அவங்க ஆளுங்க இலங்கையிலயும் மாலத்தீவுலயும் பிடிபட்டு, படகு அங்கேயே கிடந்து, வீட்டுல வருமானம் நின்னுபோறதை 2023, 2024ல பாத்தோம். கைதுக்குப் பின்னால மீன்வளம், அரசியல், டீசல் கடன்னு ஆயிரம் காரணம் இருக்கு. அதுல இந்த அஞ்சு நிமிஷத்தையும் ஒரு ஓரத்துல வைக்கலாம்னுதான் சொல்றேன். பெரிய இடத்துல வைக்க மாட்டேன்.

அப்ப என்ன வழி? அயனி மண்டலத்தோட பலவீனம் என்னன்னா, அது ஒவ்வொரு அலைவரிசையையும் ஒவ்வொரு அளவு தாமதப்படுத்தும். அலைவரிசை கூடக் கூட தாமதம் அதோட வர்க்கத்துல குறையும். ரெண்டு அலைவரிசையில கேட்டு, வித்தியாசத்தைப் பாத்தா, எலக்ட்ரான் எண்ணிக்கை தெரிஞ்சிடும். கழிச்சிடலாம், க்ளோபுச்சரே வேண்டாம். நம்ம நேவிக் இதுக்குத்தான் எல்5, எஸ்னு ரெண்டு பட்டையில பேசுது. 1176.45, 2492.028 மெகாஹெர்ட்ஸ். எஸ் பட்டையில தாமதம் ஜிபிஎஸ் எல்1ல பாதிக்கும் கம்மி. அந்தத் தேர்வு எனக்குப் பிடிச்ச இன்ஜினியரிங் முடிவு. போன்ல ரெண்டு பட்டை வாங்குற சிப் வர்றதே கஷ்டம்னு பின்னால புரிஞ்சுது. அதனால 2023 மே மாசம் ஏவின என்விஎஸ்-01ல எல்1 பட்டையையும் சேத்தாங்க.

விமானத்துக்கு இது போதாது. தரை இறங்கும்போது தப்பு எவ்வளவு இருக்கலாம்னு உத்தரவாதமும் வேணும். அதுக்குத்தான் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேந்து செஞ்ச ககன். நாடு முழுக்க நிலையங்கள்ல தாமதத்தை அளந்து, 350 கிலோமீட்டர் உயரத்துல ஒரு வலை இருக்குறதா கற்பனை பண்ணி, ஒவ்வொரு கண்ணிக்கும் "இங்க இவ்வளவு தாமதம்"னு ஜிசாட் வழியா அனுப்புது. அமெரிக்கா, ஐரோப்பாவோட முறையை அப்படியே எடுத்து வைக்க முடியல. அவங்க வானம் சாது, ஒரு மெல்லிய தாள்னு வெச்சுக்கலாம். நம்ம நீரூற்று வானத்துக்கு அது ஒத்துவரல, அதனால இஸ்ரோ பல அடுக்கு மாதிரி ஒண்ணைத் தானே எழுதிச்சு. 2015 ஏப்ரல்ல தரையிறங்குற அளவுக்கான சான்று கிடைச்சது. 2022 ஏப்ரல் 28ல ராஜஸ்தான் கிஷன்கர்ல இண்டிகோவோட ஏடிஆர் விமானம் ககனை வெச்சு இறங்கிச்சு.

படகுக்கு? 2017 நவம்பர் கடைசியில ஒக்கி வந்தப்போ, நடுக்கடல்ல இருந்தவங்களுக்குச் சொல்ல வழியில்லாமப் போச்சு. அதுக்கப்புறம்தான் சாட்டிலைட் வழியா செய்தி வாங்குற கருவி மேல கவனம் வந்துச்சு. 2024 ஆகஸ்ட் 30ல பால்கர்ல தொடங்கின திட்டத்துல 1 லட்சம் படகுக்கு இஸ்ரோ தொழில்நுட்ப டிரான்ஸ்பாண்டர் பொருத்துறதா அறிவிச்சாங்க. எல்லை பக்கத்துல வந்தா எச்சரிக்கும். நல்ல விஷயம். என் ஒரே வேண்டுகோள், அந்தக் கருவிக்கு மென்பொருள் எழுதுற யாராவது இதைக் கேட்டீங்கன்னா: பிடி நழுவினதும் பழைய புள்ளியைப் புதுசு மாதிரி காட்டாதீங்க. புள்ளியைச் சாம்பல் நிறம் ஆக்குங்க, எத்தனை நொடி பழசுன்னு எழுதுங்க, கடைசி வேகத்தை வெச்சு எங்க இருக்கலாம்னு ஒரு வட்டம் போடுங்க. ஒரு நாள் வேலை.

மத்தபடி நகரத்துல இருக்குற நம்ம ஆளுங்களுக்கு: உங்க ஆட்டோ பக்கத்துத் தெருவுக்குப் போய் நின்னா சூரியன் மேல பழி போடாதீங்க. அது பெரும்பாலும் எதிர்ல இருக்குற அபார்ட்மென்ட் சுவத்துல சிக்னல் முட்டி வர்றதால.

கடைசியா, ஆன்டெனா மாத்தலாமா வேண்டாமாங்கிற விஷயம். சூரியன் உச்சத்துல இருந்து இறங்க ஆரம்பிச்சா இந்தக் குமிழிகளும் வருஷத்துக்கு வருஷம் குறையும். 2030ஐ ஒட்டி மார்ச் மாசச் சாயங்காலம் எல்லாம் அமைதியா இருக்க வாய்ப்பு அதிகம். அதுக்குள்ள யாராவது புது ஆன்டெனா வாங்கியிருந்தா, அதனாலதான் சரியாச்சுன்னு கடைக்காரர் சொல்வார். 2030களோட நடுவுல அடுத்த உச்சம் வரும்போது இன்னொரு ஆன்டெனா விப்பார்.

அடுத்த வாரம் பாப்போம்.